ஏறுகிற வழியா, தாங்குகிற கம்பியா: பாய்மரப் படகில் எதை முதலில் முடிவு செய்வது?

எங்கள் பக்கம் ரிக் என்றால் போர்வெல் வண்டிதான். திருச்செங்கோட்டு வண்டிகள் நாடு முழுக்கப் போய்ப் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால், ‘ரிக்கை முழுசா மாத்திரலாம்’ என்று நான் போனில் பேசியதைக் கேட்ட பக்கத்துப் பட்டறைக்காரர், ‘ஏனுங்க, எத்தனை அடி போகுது?’ என்று விசாரித்ததில் தப்பே இல்லை. ‘நாப்பது அடிங்க. ஆனா மேல போகுது’ என்றேன்.

கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்குக் கடலில் என்ன வேலை என்ற கேள்விக்கு வீட்டிலேயே நான் இன்னும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மச்சினனும் நானும் சேர்ந்து வாங்கிய 32 அடிப் பழைய பாய்மரப் படகு, கொச்சி போல்காட்டித் தீவில் நிற்கிறது. வாளையாறு தாண்டிப் போனால் 190 கிலோமீட்டர் சொச்சம். கொடுமணலில் கல்மணி அறுத்த காலத்திலேயே நம் சரக்கு இதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் முசிறிக்குப் போனது, நாம் ஒன்றும் புதிதாகப் போகவில்லை என்று மச்சினன் நியாயம் பேசுவான். சரி, இருக்கட்டும்.

படகில் ரிக் என்றால் பாய்மரமும் அதைத் தாங்குகிற கம்பிகளும்தான். பாய்மரம் தானாக நிற்பதில்லை. எங்கள் படகில் 12 மீட்டர் அலுமினியக் குழாயை 8 கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, உச்சியிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொன்று, நடுமரத்திலிருந்து பக்கத்துக்கு இரண்டு. எல்லாம் 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு, 19 இழைகளை ஒரே முறுக்கில் போட்டது. ஒன்றை அறுக்க ஏறக்குறைய 3 டன் இழுவை வேண்டும். கேட்கத் தைரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் 8 கம்பிக்கு 16 முனை, முனைக்கு ஒரு பின், அந்தப் பின் கழன்று விடாமலிருக்க அதன் துளையில் கோத்து மடக்குகிற ஒரு காட்டர் பின். இதில் எது கைவிட்டாலும் மரம் சாயும்.

போன மார்கழியில் ஒரு காலை, இடப்பக்கக் கம்பியைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். திருப்பூர் பனியன் வேஸ்ட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: முள் மாதிரி எது இருந்தாலும் நூல் சிக்கிக்கொள்ளும். தளத்துக்குப் பக்கத்தில், கம்பி அதன் முனைக்குழலுக்குள் நுழைகிற வாயிலேயே சிக்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தால், 19 இழையில் ஒன்று அறுந்து நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது. அதன் காலடியில் நாட்டுச்சர்க்கரைப் பாகு வடிந்த மாதிரி ஒரு பழுப்புக் கறை. கையில் தடவினால் வழவழப்பாகத்தான் இருந்தது, கண்ணுக்கும் தூரத்தில் தெரியவில்லை. துணிதான் கண்டுபிடித்தது.

துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருக்கக் காற்று வேண்டும். காற்றுப் பட்டால்தான் மேலே அந்த மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் நிற்கும். முனைக்குழல் என்பது கம்பியைச் சுற்றிக் குழாயை இயந்திரத்தில் நசுக்கிப் பூட்டியது, ஸ்வேஜ் என்பார்கள். கீழ்முனையின் வாய் மேலே பார்த்திருக்கும். உப்புத் தண்ணீர் கம்பி வழியே வழிந்து அந்த இடுக்கில் போய்த் தங்கும். உள்ளே காற்றில்லை, உப்பு இருக்கிறது. எஃகு இருட்டுக்குள் அரிபடும். எப்போது மாட்டிய கம்பி என்று விற்றவருக்கே தெரியவில்லை, பில்லும் இல்லை. வெளிநாடுகளில் காப்பீட்டுக்காரர்கள் பெரும்பாலும் 10 முதல் 15 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள். வெயிலும் உப்பும் சேர்ந்த நம் கடலில் அந்தக் கணக்கை முழுசாக நம்ப முடியாது.

‘அபிலாஷ் டோமிக்கு ஆன மாதிரி ஆகிருமா?’ என்று வீட்டில் கேட்டார்கள். 2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தின் நடுவே, அவருடைய ‘துரியா’ படகு புயலில் புரண்டு பாய்மரம் முறிந்தது; முதுகில் பலத்த அடியோடு கிடந்தவரை மீட்டுக்கொண்டு வந்தார்கள். அவருக்கு வந்தது புயல். எங்களுக்கு வந்தால் அது சோம்பேறித்தனமாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து கம்பி ஆராய்ச்சிதான். மாதக்கணக்கில் விலைப்பட்டியல்களைப் புரட்டினேன். இப்போது யோசித்தால் அதில் பாதி நேரம் தண்டம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இருக்கிற அதே 19 இழைக் கம்பி ஒரு வழி. 316 என்ற வகை. இதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். 304 கடற்கரைக்கு ஆகாது. இரண்டையும் காந்தம் வைத்துப் பிரித்துவிடலாம் என்று நம் பழைய இரும்புக் கடைகளில் சொல்வதை நம்பாதீர்கள், காந்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இதே கம்பியை இழைகளை அமுக்கிச் செறிவாக்கியும் தருகிறார்கள். அதே கனத்தில் பலம் கூடும், நீட்சி குறையும். பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குச் சரி, எங்களுக்கு வேண்டாம்.

முழுக்கம்பி, அதாவது ஒற்றை எஃகுத் தண்டு, இன்னொன்று. பார்க்க அழகு, நீட்சி மிகக் குறைவு. ஆனால் அதன் முனையைச் சூடு காட்டாமல் அடித்துத் தலை கட்ட வேண்டும். ‘நம்ம பட்டறையிலயே அடிச்சுக்கலாமே’ என்று என் போர்மேன் சொன்னார். கோயமுத்தூர்க்காரனுக்கு எதைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. அதற்குத் தனி இயந்திரம், தனி அச்சு, அப்புறம் சில வருடத்துக்கு ஒருமுறை தலைகளைக் கழற்றிச் சோதிக்க ஆள். தண்டு போகும்போது இழை அறுந்து எச்சரிக்கை கொடுக்காது, ஒரேயடியாகப் போகும். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கிரேன் வேலைக்கு வருகிற துத்தநாகம் பூசிய கம்பியும் ஆகும். பழைய படகோட்டிகள் எண்ணெய் தடவித் தடவி வருடக்கணக்கில் ஓட்டினார்கள். விலை குறைவு, துருப்பிடித்தால் வெளியிலேயே தெரியும், அந்த வகையில் எஃகைவிட யோக்கியமானது. ஆனால் எண்ணெய் போட வாராவாரம் ஆள் வேண்டும். 190 கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு அது பொருந்தாது.

கடைசியாகக் கயிறு. ஆமாம், எஃகுக்குப் பதில் கயிறு. டைனீமா என்ற பெயரில் வரும் பாலித்தீன் நார்; எடைக்கு எடை பார்த்தால் எஃகைப் பல மடங்கு தாண்டும், தண்ணீரில் மிதக்கும். மச்சினன் இதில் விழுந்துவிட்டான். அவன் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. இதற்கு முனைக்குழல் கிடையாது. கயிற்றை அதன் வயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பின்னி முடிக்கலாம். 9 மி.மீ. கயிற்றில் வால் அதன் கனத்தைப் போல 72 மடங்கு, கிட்டத்தட்ட 65 செ.மீ. உள்ளே போக வேண்டும். ஊசியும் பொறுமையும் இருந்தால் போதும், நடுக்கடலிலும் செய்யலாம். ஒளிந்துகொண்டு அரிக்க இதில் எதுவும் இல்லை.

குறை என்ன? அறுவது இல்லை, நீள்வது. தொடர்ந்து இழுவையில் இருந்தால் டைனீமா மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். சூடு கூடினால் அதுவும் கூடும். அதனால் பலத்தைப் பார்த்து அளவு எடுக்கக் கூடாது, நீட்சியைப் பார்த்துக் கனம் கூட்ட வேண்டும். சூட்டில் முன்கூட்டியே இழுத்துவிட்ட ரகத்தைத்தான் வாங்க வேண்டும். அப்புறம் உராய்வு. மரத்தின் நடுவில் குறுக்குக் கைகள் இருக்கின்றன, அவற்றின் நுனியில் கயிறு வளைந்து போகும் இடத்தை யாராவது அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த ‘யாராவது அடிக்கடி போய்’ என்ற இடத்தில்தான் என் கணக்கு மாறியது. பல்லடம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் பட்டறைக்கு ஒரு புஷ் கடைந்து வாங்க வந்தார். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிற கணவாய்க் காட்டில் கோபுரம் ஏறி இறங்குகிறவர். என் காகிதங்களை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: ‘மேல போனவரு மயங்கிட்டா, கீழ எப்படிங்க இறக்குவீங்க?’

என்னிடம் பதில் இல்லை. அதுவரை எத்தனை முறை மேலே போயிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். படகு வாங்கிய இரண்டரை வருடத்தில் ஒரே முறை. அதுவும் மச்சினனைப் பலகை இருக்கையில் வைத்து வின்ச்சில், அதாவது கயிறு இழுக்கிற கைச்சுற்று உருளையில், சுற்றி ஏற்றினேன். குறுக்குக் கை தாண்டியதும் என் தோள் விட்டுவிட்டது, இருவரும் கத்திக்கொண்டோம், உச்சியைப் பார்க்காமலே இறங்கினான். 16 முனையில் 8 முனையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்ததே இல்லை. எந்தக் கம்பி போட்டாலும் பார்க்கப் போகிறவன் ஏறவில்லை என்றால் எல்லாம் ஒன்றுதான். கம்பி ஒப்பீட்டை மூடி வைத்துவிட்டு ஏறுகிற வழியை ஒப்பிட ஆரம்பித்தேன்.

ஏறுவதைப் பற்றிக் கேட்க எங்களுக்குக் கொச்சி போக வேண்டியதில்லை. ஆனைமலைத் தோப்பில் காய் இறக்க வரும் அண்ணன் தளைநாரில் ஏறிப் பழகியவர்; இப்போது இயந்திரத்தில் ஏறுகிறார். இரண்டு இரும்புச் சட்டம், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி ஒரு எஃகுக் கம்பி வளையம். ஒன்றில் எடையைப் போட்டால் அது இறுகிக்கொள்ளும், மற்றதைத் தூக்கி வைக்கலாம். உட்கார்ந்து ஏறும் வகையில் மேல் சட்டத்தில் இருக்கை, கீழ்ச் சட்டத்தில் பாதம். உட்கார், காலைத் தூக்கு, எழுந்து நில், இருக்கையைத் தூக்கு. அவர் உட்கார வைத்து என்னை ஏற்றினார். 20 அடியில் என் தொடை தையல் மெஷின் மாதிரி ஆடியது. கீழே இறங்கியதும் அவர் வளையக் கம்பியை விரலால் வளைத்துப் பார்த்தார். தினமும் பார்ப்பாராம். ‘ஒரு இழை வுட்டாலே மாத்திருவனுங்க’ என்றார். நான் இழை அறுந்ததைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் விலைப்பட்டியல் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

தென்னை இயந்திரத்தைப் பாய்மரத்தில் மாட்ட முடியாது, குறுக்கே கம்பியும் கைகளும் இருக்கின்றன. ஆனால் அதே வித்தையைக் கயிற்றில் செய்யலாம். உச்சியிலிருந்து தொங்கும் கயிற்றில் இரண்டு பிடிப்பான்கள்: மேலே இருக்கையோடு ஒன்று, கீழே பாதவளையத்தோடு ஒன்று. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் அதே சாமான். உட்கார், நில், உட்கார், நில். தனி ஆளாக ஏறலாம், வின்ச் சுற்ற ஆள் வேண்டாம். பட்டறை உத்தரத்தில், செயின் பிளாக்குக்குப் பக்கத்தில் கயிறு கட்டிப் பழகினேன். மூன்றாம் நாள் மூச்சு வாங்காமல் ஏற முடிந்தது.

மற்ற வழிகளோடு வைத்துப் பார்க்கலாம். பலகையோ துணியோ வைத்துத் தைத்த இருக்கையில் உட்காரவைத்து வின்ச்சில் ஏற்றுவதுதான் செலவு குறைந்தது. மேலே போகிறவருக்குக் கை இரண்டும் சும்மா இருக்கும், மயங்கினாலும் அப்படியே இறக்கிவிடலாம். ஆனால் மூன்று பேர் வேண்டும்: ஏறுபவர், சுற்றுபவர், இரண்டாவது பாதுகாப்புக் கயிற்றை இழுத்துக்கொண்டே வருபவர். இருக்கையில் கயிறு கட்டும்போது பாயில் மாட்டுகிற கொக்கியை நம்பவே கூடாது, முடிச்சுதான் போட வேண்டும். மின்சார வின்ச்சில் ஆளை ஏற்றுவது வேண்டாத விளையாட்டு. பொத்தான் அழுத்தியவனுக்கு மேலே கால் சிக்கியது தெரியாது.

மரத்தில் நிரந்தரமாகப் படிகளைத் திருகிவிடலாம். நீண்ட தூரம் போகிறவர்கள் பலர் இதைத்தான் சொல்வார்கள், பாறை நிறைந்த இடத்தில் மேலே ஏறி நின்று தண்ணீர் நிறம் பார்க்கவும் உதவும். 45 செ.மீ. இடைவெளி என்றால் எங்களுக்கு 26 படி வேண்டும். படிக்கு நாலு ஆணி என்றால் மரத்தில் நூற்றுச் சொச்சம் துளை. பாயேற்றும் கயிறுகள் படியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். காற்று அடித்தால் ராத்திரி முழுக்கச் சத்தம். எடைக் கணக்குதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் 8 கம்பியும் சேர்ந்தே சுமார் 14 கிலோ. டைனீமா போட்டால் 10 கிலோ குறையும், மேலே எடை குறைந்தால் படகு சாய்வது குறையும் என்பது மச்சினன் வாதம். படி ஒன்று கால் கிலோ என்று வைத்தாலும் 26 படி ஆறரைக் கிலோ. ஒரு கையில் சேமித்ததை மறு கையில் தூக்கிக் கொடுக்கிறோம். அதைவிட முக்கியம், படியில் ஏறியவன் மயங்கினால் அங்கேயே தொங்குவான்.

நாடாவில் தைத்த ஏணி ஒன்று உண்டு, பாய் ஏறுகிற தடத்தில் இழுத்துக் கட்டுவது. கரூரிலோ திருப்பூரிலோ நாடா வாங்கித் தைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன். ஏறிப் பார்த்தால் பாதம் முன்னால் வழுக்கிப் போகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கிரேன் வைத்து மரத்தையே படுக்கப் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றிலும் உத்தமம். தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். ஆனால் மாதாமாதம் செய்கிற காரியம் இல்லை. கம்பி மாற்றுகிறபோது ஒருமுறை. இடையில், செல்போனைப் பையில் போட்டு வீடியோ ஓடவிட்டுப் பாயேற்றும் கயிற்றில் மேலே அனுப்புவோம். கறையும் கழன்ற பின்னும் தெரியும். அறுந்த இழை தெரியாது. அதற்குப் பனியன் வேஸ்ட்தான்.

பல்லடத்து நண்பரின் கேள்விக்குத் திரும்பலாம். பிடிப்பானில் தனியாக ஏறியவனையும் கீழே இருப்பவரால் இறக்க முடியாது, கயிற்றின் அடியை மரத்தில் கட்டிவைத்தால். கட்டாமல் வின்ச்சில் சுற்றிப் பூட்டிவைத்தால்? மேலே இருப்பவன் சத்தம் கொடுக்கவில்லை என்றால், கீழே இருக்கும் ஒரே ஆள் வின்ச்சைத் தளர்த்தி, கயிறு, பிடிப்பான், ஆள் எல்லாவற்றையும் அப்படியே இறக்கிவிடலாம். இதைச் சொன்னதும் நண்பர் தலையாட்டினார். இரண்டாவது கயிறு தனியாக வேண்டும், வெறும் இருக்கை போதாது, உடம்பு முழுக்கப் பூட்டும் பட்டை போட வேண்டும் என்றார். அந்தப் பட்டையில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடத்திலேயே ஆபத்தாகிவிடுமாம். அதனால்தான் இறக்குகிற ஏற்பாடு முதலில், ஏறுகிற ஏற்பாடு அப்புறம்.

ஆக முடிவு: இரண்டு பேரோடு, பிடிப்பானில் ஏறுவது, அடிக்கயிறு வின்ச்சில். உச்சியில் மட்டும் நின்று வேலை பார்க்க எதிரெதிராக இரண்டு படி. ஏறுகிற கயிறு 11 மி.மீ. பாலியஸ்டர். டைனீமா உள்ளே வைத்த கயிற்றில் மேலுறை உள்ளிழையை விட்டு நழுவ வாய்ப்புண்டு, பிடிப்பான் கடிப்பது மேலுறையைத்தான். கயிறு எங்கே தேயும் என்று கேட்டால் அப்பா காலத்தில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த பெரியவர்களைக் கேட்டாலே போதும். வடக்கயிறு கப்பியில்தான் தேயும். எங்கள் உச்சிக் கப்பியின் பள்ளத்தில் பழைய கம்பிக்கயிறு அறுத்த கோடு இருந்தது. அதை மட்டும் பட்டறையில் புதிதாகக் கடைந்துவிட்டேன், போர்மேனுக்கும் சந்தோஷம்.

ஏறுகிற வழி முடிவானதும் கம்பி ஒரு சாயந்திரத்தில் முடிவாகிவிட்டது. மாதம் ஒருமுறை மேலே போய்த் துடைத்துப் பார்க்க முடியும் என்றால், இழை அறுந்து எச்சரிக்கை கொடுக்கிற 19 இழை 316 போதும். மேல்முனையை இயந்திரத்தில் பூட்டித் தரச் சொல்லி, கீழ்முனையை நாங்களே திருகுமுனையாகப் போடுகிறோம். பட்டறையில் ஒரு துண்டில் பழகிப் பார்த்தேன்: வெளிவட்டத்து 12 இழைகளை விரித்து, நடுவில் நிற்கும் 7 இழைக்கு ஒரு சிறு கூம்பை மாட்டி, 12 இழையையும் மறுபடி அதன் மேல் மூடி, இரண்டு ஸ்பேனரால் இறுக்குவது. முதல் தடவை இரண்டு இழை ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டது, கழற்றிச் செய்தேன். மறுபடி கழற்றி உள்ளே பார்க்கலாம் என்பதுதான் இதன் அருமை. கூம்பை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

இறுக்கம் பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. தளர்வான கம்பியில் 2 மீட்டர் அளந்து குறி வைத்து இறுக்கினால், அந்த 2 மீட்டர் 1 மி.மீ. நீண்டால் அறும் பலத்தில் 5 சதவீத இழுவை. 3 மி.மீ. என்றால் 15 சதவீதம், எங்கள் கம்பிக்குச் சுமார் 450 கிலோ. இந்த வகைக் கம்பி எந்தக் கனத்துக்கும் இதே கணக்குதான். வெர்னியரோடு வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

கம்பிகளைப் படகு உடம்போடு பிணைக்கும் தட்டுகள் தளத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. கழற்றிப் பார்த்ததில் ஒன்றில் தளம் தொடும் கோட்டிலேயே மயிரிழை விரிசல். புதுத் தட்டு 316லிருந்து வெட்டி, சோதனைக்கூடத்தில் ஒரு துண்டைக் கொடுத்து உறுதி செய்த பிறகே துளை போட்டோம்.

பின்கம்பி மட்டும் பாக்கி. அதில் வானொலி ஏரியல் வேண்டும். எஃகு என்றால் கம்பியை இரண்டு இடத்தில் வெட்டி மின்காப்பான் போட வேண்டும், 2 முனை 6 முனை ஆகிவிடும். டைனீமா மின்சாரம் கடத்தாது. பக்கத்திலேயே ஒரு செம்புக் கம்பியை ஓட்டிக் கட்டினால் தீர்ந்தது. குறுக்குக் கையில் உராய்வதும் பின்கம்பிக்கு இல்லை. ‘இந்த ஒண்ணையாவது எனக்கு விடுங்க மச்சான்’ என்கிறான் மச்சினன். ஊசி ஏற்கெனவே வாங்கிவிட்டான், தோப்பு மோட்டார் ரூமில் பழைய கயிற்றை வைத்துப் பின்னிப் பழகுகிறானாம். அது முடிவாகும்வரை படகு கட்டின இடத்திலேயே நிற்கும்.